தூக்கு தள்ளிப்போனதா, ரத்தானதா? 'ரெப்ரீவ்' என்ற சொல்லும் அதன் தெலுங்கும்

கேள்வி: தூக்குத் தண்டனைக் கைதிகளின் குடும்பத்தாருக்காகக் கருணை மனு பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழிலும் தெலுங்கிலும் தயாரிக்கிறேன். குடியரசுத் தலைவரின் மன்னிப்பு அதிகாரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 72-ஆவது பிரிவில் வரும் 'ரெப்ரீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு கைபேசி அகராதி அதற்குத் தெலுங்கில் 'க்ஷமாபிக்ஷ' என்கிறது. இன்னொன்று 'ஊரட' என்கிறது. தெலுங்கு தெரிந்த நண்பர் 'வாயிதா' போதும் என்கிறார். தமிழில் இப்போதைக்கு 'தண்டனை ரத்து' என்று எழுதி வைத்திருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது?
— சட்டத் தன்னார்வலர், திருத்தணி

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'தண்டனை ரத்து' என்பதை அச்சுக்குப் போகும் முன் அடித்துவிடுங்கள். நீங்கள் கொடுத்திருக்கும் நான்கு சொற்களில் பொருளுக்கு மிக அருகில் நிற்பது உங்கள் நண்பர் சொன்ன 'வாயிதா'தான். ஆனால் அதையும் தனியாக விடக் கூடாது, முன்னால் இரண்டு சொல் சேர்க்க வேண்டும். காரணத்தைப் பார்ப்போம்.

ரெப்ரீவ் என்றால், விதித்த தண்டனையை, அதிலும் பெரும்பாலும் மரண தண்டனையை, நிறைவேற்றாமல் கொஞ்ச காலம் தள்ளிவைப்பது. தண்டனை அப்படியே இருக்கிறது. தீர்ப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறுவது நாள் மட்டும். மன்னிப்பு கேட்கவும், தண்டனையை மாற்றச் சொல்லி மனுப் போடவும் கிடைக்கும் அவகாசம் அது. சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது. 'திரும்ப எடுத்துக்கொள்வது' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நுழைந்த புதிதில் கைதியைத் திரும்பவும் சிறைக்கே கொண்டுபோவதைத்தான் குறித்தது. தூக்குமேடைக்குப் போகவேண்டியவன் கொட்டடிக்குத் திரும்புகிறான், வீட்டுக்கு அல்ல. இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'ரத்து' என்று எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கலாம். உங்கள் துண்டறிக்கையைப் படிக்கப்போவது குடும்பத்தார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆவது பிரிவு கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டையோ மறுஆய்வு மனுவையோ தள்ளுபடி செய்த செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதிக்குத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, உச்ச நீதிமன்றம் போவதற்கான காலமும் முடிந்துபோயிருந்தால் அதற்கும் இதே 30 நாள்தான். ஆளுநரிடம் முதலில் கொடுத்து அவர் நிராகரித்தால், அன்றிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். மனுவைக் கைதியே போட வேண்டும் என்பதில்லை. வாரிசோ வேறு உறவினரோ போடலாம். இப்போது யோசியுங்கள். 'தண்டனை ரத்தாகிவிட்டது' என்று ஓர் அக்காவோ அப்பாவோ நம்பிவிட்டால், அந்த 30 நாளை யார் எண்ணுவார்கள்?

தெலுங்கிலும் இதே ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் 'ரத்து' இரண்டு மொழிக்கும் பொதுச் சொல். நீதிமன்ற வளாகத்துச் சொற்களில் பாதி அப்படித்தான்: நம் தீர்ப்பு அங்கே 'தீர்ப்பு', நம் உத்தரவு 'உத்தர்வு', கைதி 'கைதீ', அமல் 'அமலு'. இந்த ஒற்றுமையே எல்லைப் பகுதி மொழிபெயர்ப்பாளரைத் தூங்கவைத்துவிடும். ஒரே மாதிரி ஒலித்து வேறு வேலை செய்யும் சொற்களும் இடையில் இருக்கின்றன.

அவற்றில் முதலாவது 'வாயிதா'தான். தமிழ்நாட்டு நீதிமன்றத் தாழ்வாரத்தில் 'வாய்தா' என்றால் வழக்கை எடுக்கும் தேதி. 'அடுத்த வாய்தா எப்போ', 'வாய்தா வாங்கியே வழக்கை இழுத்துட்டான்' என்றெல்லாம் பேசுகிறோம். ஆகவே தமிழில் 'தண்டனைக்கு வாய்தா' என்று எழுதினால் வாசகர் சிரிப்பார், அல்லது விசாரணைத் தேதி என்று நினைத்துக்கொள்வார். தெலுங்கில் 'வாயிதா' அதைவிட அகலமான சொல். தேர்வு தள்ளிப்போனாலும், சட்டமன்றக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டாலும், படம் வெளியாவது தள்ளிப்போனாலும் 'வாயிதா படிந்தி' என்பார்கள். தள்ளிவைப்பவர் 'வாயிதா வேஸ்தாரு'. எனவே 'மரணசிக்ஷ அமலு வாயிதா' என்று எழுதினால், மரண தண்டனையின் நிறைவேற்றம் தள்ளிவைக்கப்பட்டது என்ற பொருள் தெலுங்கு வாசகருக்குச் சுத்தமாகப் போய்ச் சேரும். 'அமலு' என்ற நடுச்சொல்லை விட்டுவிடாதீர்கள். வெறும் 'சிக்ஷ வாயிதா' என்றால், குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதி 'தண்டனை எவ்வளவு என்று திங்கட்கிழமை அறிவிக்கிறேன்' என்று தள்ளிவைத்ததாகவும் படிக்கலாம். நீதிமன்றங்களில் அதுவும் நடப்பதுதான். தள்ளிப்போவது தண்டனை விதிப்பு அல்ல, விதித்ததை நிறைவேற்றுவது என்பதை 'அமலு' உறுதிசெய்கிறது. தமிழிலும் அதே கணக்கு: 'தண்டனை ஒத்திவைப்பு' என்பதைவிடத் 'தண்டனை நிறைவேற்றம் ஒத்திவைப்பு' நல்லது. கொஞ்சம் நீளம்தான். நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது பொறி 'சிக்ஷ'. தெலுங்கு வழக்கில் அதற்குப் பொருள் தண்டனை. இந்தியில் அதே சொல் கல்வி. தமிழ் விவிலியத்தில் வரும் 'சிட்சை' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கண்டித்துத் திருத்துவது. துண்டறிக்கையின் தெலுங்குப் பக்கத்தை இந்தி மட்டும் தெரிந்தவரிடம் சரிபார்க்கக் கொடுத்தால் தலைப்பிலேயே தடுமாறுவார்.

அகராதிகள் தந்த மற்ற இரண்டு சொற்களுக்கு வருவோம். 'க்ஷமாபிக்ஷ' மன்னிப்புக்கு உரியது. தெலுங்குச் செய்திகளில் கருணை மனு 'க்ஷமாபிக்ஷ பிட்டிஷன்' என்றே வரும். குடியரசுத் தலைவர் எதைக் கொடுத்தாலும், அது மன்னிப்போ குறைப்போ தள்ளிவைப்போ, எல்லாவற்றையும் இந்த ஒரே போர்வையால் மூடிவிடும் பழக்கம் உண்டு. அகராதி அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். அதிகாரம் மொத்தத்தையும் சுட்ட 'க்ஷமாபிக்ஷ அதிகாரம்' என்று தலைப்பிடலாம். அதன் உள்ளே வரும் ரெப்ரீவுக்கு அதே சொல்லைப் போட்டால், போர்வையையும் அதற்குள் படுத்திருப்பவரையும் ஒரே பெயரால் கூப்பிட்டதாகிவிடும்.

'ஊரட' வேறு வகை. அதற்கு ஆறுதல், நிம்மதி என்று பொருள். யாருக்காவது முன்ஜாமீன் கிடைத்தால் 'ஹைகோர்ட்டுலோ ஊரட' என்று தெலுங்கு நாளிதழ் தலைப்புப் போடும். ஆங்கிலப் பத்திரிகை அதே செய்திக்கு ரெப்ரீவ் என்று போடுவதால் அகராதி இரண்டையும் கட்டிவைத்துவிட்டது. உவமைப் பொருளுக்கு அது அருமையான சொல்: கடன் கொடுத்தவர் இன்னும் ஒரு மாதம் பொறுத்தார், இடிக்கவிருந்த கட்டடத்துக்குத் தவணை கிடைத்தது, கோடை மழையால் ஏரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, இங்கெல்லாம் 'ஊரட' பொருந்தும். சட்டத் துண்டறிக்கையில் அது உணர்ச்சியைச் சொல்லும், உத்தரவைச் சொல்லாது. தமிழிலும் உவமைக்குத் 'தற்காலிக ஆறுதல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஆபத்து முழுவதும் கழிந்துபோனதற்கு உரிய பழமொழி. ரெப்ரீவில் தலைப்பாகையும் இருக்கிறது, தலைக்கு வந்ததும் வாசலிலேயே நிற்கிறது.

72-ஆவது பிரிவில் இந்தச் சொல் தனியாக வரவில்லை. பார்டன், ரெப்ரீவ், ரெஸ்பைட், ரெமிஷன் என்று நான்கு பெயர்ச்சொற்கள், பிறகு சஸ்பெண்ட், ரெமிட், கம்யூட் என்று மூன்று வினைகள். ஆளுநருக்கான 161-ஆவது பிரிவிலும் இதே வரிசை. பார்டன் என்றால் மன்னிப்பு, தெலுங்கில் 'க்ஷமாபிக்ஷ'. ரெமிஷன் என்றால் தண்டனையின் வகையை மாற்றாமல் அளவை மட்டும் குறைப்பது, பத்தாண்டு கடுங்காவலை ஏழாக்குவது போல. தெலுங்கில் 'சிக்ஷா காலம் தக்கிம்பு'. கம்யூட் என்றால் வகையையே மாற்றுவது, தூக்கு ஆயுளாவது. தெலுங்கில் இதற்கும் 'தக்கிம்பு' என்றே எழுதுவோர் உண்டு. 'மரணசிக்ஷனு யாவஜ்ஜீவ காராகார சிக்ஷகா மார்ச்சடம்' என்று நீட்டி எழுதினால் ரெமிஷனோடு கலக்காது.

ரெஸ்பைட் கொஞ்சம் வம்பு பிடித்தது. பொது ஆங்கிலத்தில் அதுவும் சிறு இடைவேளைதான், ரெப்ரீவின் உடன்பிறப்பு. ஆனால் இந்தியப் பாடநூல்களும், தில்லி அரசு எதிர் பிரேம்ராஜ் என்ற 2003-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும், வேறு பொருள் கொடுத்திருக்கின்றன: சிறப்புக் காரணம் ஒன்றை முன்னிட்டு உரிய தண்டனைக்குப் பதில் குறைந்த தண்டனை கொடுப்பது. முன் தண்டனை ஏதும் இல்லாதவர் என்பதைக் காரணமாகத் தீர்ப்பு சொல்கிறது, உடல் ஊனத்தையும் கர்ப்பத்தையும் பாடநூல்கள் சொல்கின்றன. போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். எனவே அகராதியை நம்பி ரெஸ்பைட்டுக்கும் 'ஒத்திவைப்பு' என்று போட்டுவிடாதீர்கள். தமிழில் 'சிறப்புக் காரணத்தால் தண்டனைத் தணிப்பு', தெலுங்கில் 'ப்ரத்யேக காரணாலதோ சிக்ஷ தக்கிம்பு' என்று விரித்து எழுதுங்கள். கர்ப்பிணியைப் பற்றித் துண்டறிக்கையில் ஒரு வரி வருவதாக இருந்தால் கவனம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 416-ஆவது பிரிவு அவருடைய தூக்கைத் தள்ளிவைக்கச் சொன்னது, வேண்டுமானால் ஆயுளாக மாற்றலாம் என்றது. பின்னால் வந்த திருத்தம் 'தள்ளிவைக்க' என்ற பகுதியை எடுத்துவிட்டு, உயர் நீதிமன்றம் ஆயுளாக மாற்றியே ஆக வேண்டும் என்று ஆக்கியது. புதிய சன்ஹிதாவின் 456-ஆவது பிரிவிலும் அப்படியே. ஆக அங்கே இப்போது ரெப்ரீவ் இல்லை.

அடுத்து, ஒத்திவைத்தது யார்? நீதிமன்றம் நிறுத்தினால் அது 'ஸ்டே', தமிழில் இடைக்காலத் தடை, தெலுங்கில் 'ஸ்டே' என்றே, அல்லது 'நிலிபிவேத'. குடியரசுத் தலைவரோ ஆளுநரோ தள்ளிவைத்தால்தான் 72, 161 பிரிவுகளின் ரெப்ரீவ். கைதிக்கு விளைவு ஒன்றாகத் தோன்றலாம், குடும்பம் அடுத்து எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது மாறிவிடும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ராஜீவ் காந்தி கொலை வழக்கு. மூவரின் கருணை மனு நிராகரிக்கப்பட்டு 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரத்துக்குத் தடை போட்டது. அது ஸ்டே. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாக மாற்றியது. 'தூக்கு ரத்து' என்ற தலைப்பு அன்றைக்குத்தான் பொருந்தும், எட்டு வாரத் தடை வந்த அன்றைக்கு அல்ல.

தெலுங்குப் பக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் அன்றைய குண்டூர் மாவட்டத்து சிலகலூரிப்பேட்டை பேருந்து எரிப்பு வழக்கைக் கொடுங்கள். 1993-இல் நடந்தது, 23 பயணிகள் இறந்தார்கள். இருவருக்குத் தூக்கு. கருணை மனுவும் தள்ளுபடியாகி, 1997 மார்ச்சில் நாள் குறித்த பிறகு, கடைசி நேரத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மறுபடி மனுப் போய், 1998-இல் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் ஆயுளாக மாற்றினார். தள்ளிப்போன அந்தக் காலம்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் இதை மட்டும் சொன்னால் குடும்பத்தாருக்குப் பொய் நம்பிக்கை பிறக்கும். தில்லி நிர்பயா வழக்கில் 2020 ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று மூன்று தடவை குறித்த நாள் தள்ளிப்போனது. மார்ச் 20 அன்று நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டு எடுத்துக்காட்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

சஸ்பெண்ட் என்ற வினையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாளிதழில் தினமும் வருவது அதுதான். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடுவது, முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389-ஆவது பிரிவு, இப்போது சன்ஹிதாவின் 430. இதைத் தமிழில் 'தண்டனை நிறுத்திவைப்பு' என்கிறோம். தண்டனையை நிறுத்திவைத்தாலும் குற்றத்தீர்ப்பு, அதாவது குற்றவாளி என்ற முடிவு, அப்படியே இருக்கும். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இரண்டாண்டு விதித்து, அந்தத் தண்டனையை 30 நாளுக்கு நிறுத்தியும் வைத்தது. ஆனாலும் மறுநாளே மக்களவைப் பதவி போயிற்று. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்புக்கே தடை போட்ட பிறகுதான் பதவி திரும்பியது. தெலுங்கில் இந்த இரண்டையும் 'சிக்ஷ நிலிபிவேத', 'தோஷித்வம்பை ஸ்டே' என்று பிரித்து எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் 'பரோல்' என்று சொல்லும் சிறை விடுப்பு, சட்டப்படி 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின் கீழ் கிடைப்பது. ஆகவே நம் சிறை அலுவலகத்தில் 'தண்டனை நிறுத்திவைப்பு' என்றால் தங்கை கல்யாணத்துக்கு வரும் விடுப்பையும் குறிக்கும். ரெப்ரீவுக்கு 'நிறுத்திவைப்பு' வேண்டாம், 'ஒத்திவைப்பு' என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இவ்வளவு கறாராகச் சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சொல் எந்த நாட்டில் வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஆளுநர், மன்னிப்பு வாரியத்தின் பரிந்துரை இல்லாமலே, மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு ஒரே ஒரு தடவை 30 நாள் ரெப்ரீவ் கொடுக்கலாம். அது அசல் ஒத்திவைப்பு. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், உள்துறை அமைச்சர் ஒருவரை 'ரெப்ரீவ்' செய்தார் என்றால், நடைமுறையில் அவர் தூக்கிலிருந்து தப்பி ஆயுள் கைதியானார் என்றே பொருள். கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட டெரெக் பென்ட்லி என்ற இளைஞருக்கு 1953 ஜனவரியில் அது மறுக்கப்பட்டதால்தான் அவர் தூக்கிலிடப்பட்டார். 1998-இல் அவர்மீதான குற்றத்தீர்ப்பே ரத்துசெய்யப்பட்டது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழக்குகளை மொழிபெயர்த்தால் 'ஒத்திவைத்தார்' என்பது தவறு. 'தூக்கை ஆயுளாக மாற்றச் செய்தார்' என்றே போட வேண்டும். உங்கள் துண்டறிக்கைக்கு இது தேவைப்படாது, அகராதி ஏன் சொதப்புகிறது என்பது புரிந்தால் போதும்.

இனி அச்சுக்குப் போக வேண்டிய வரிகள். தமிழில்: 'தூக்குத் தண்டனையை நிறைவேற்றும் நாளைக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ சிறிது காலத்துக்குத் தள்ளிவைக்கலாம். தண்டனை ரத்தாகாது. நாள் மட்டும் தள்ளிப்போகும். அந்தக் காலத்திலும் மனுவுக்கான கெடு ஓடிக்கொண்டிருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.' கடைசி வரி சட்டத்தில் இருக்கும் வாசகம் அல்ல, குடும்பம் ஏமாந்துவிடாமல் இருக்க நீங்கள் சேர்க்க வேண்டிய எச்சரிக்கை. தெலுங்கில்: 'மரணசிக்ஷ அமலுனு கொந்தகாலம் பாட்டு வாயிதா வேயவச்சு. சிக்ஷ ரத்து காது.' இங்கே 'காது' என்றால் 'ஆகாது'. சரிபார்க்கும் தமிழர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும், அச்சகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நான் இங்கே தெலுங்கைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது உங்கள் வசதிக்காக மட்டுமே. 'ஊரட'வின் ட, 'நிலிபிவேத'யின் ப, த ஆகியவை வல்லோசை. தமிழ் எழுத்தை அப்படியே வாசித்தால் மெலிந்துபோகும். துண்டறிக்கையின் தெலுங்குப் பக்கத்தைத் தெலுங்கு எழுத்தில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். எழுதியதை வழக்கறிஞர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த ஆளை இனிமேல் தூக்கில் போட முடியுமா?' 'முடியும், ஆனால் இப்போது இல்லை' என்று பதில் வந்தால் அச்சுக்கு அனுப்பலாம். 'முடியாது' என்று வந்தால் எங்கோ ஒரு 'ரத்து' ஒளிந்திருக்கிறது.